நள்ளிரவில் கூடத்தில் நிற்பது யார்? வீட்டுப் பாதுகாப்புக்கான துப்பாக்கிப் பயிற்சி

கேள்வி: எனக்கு வயது 46. உரிமம் பெற்று 9 மி.மீ. பிஸ்டல் வாங்கி ஓராண்டு ஆகிறது. வாங்கியபோது ஒருநாள் அடிப்படை வகுப்பு முடித்தேன். மாதம் ஒருமுறை ரேஞ்சுக்குப் போய் 50 ரவுண்டு சுடுகிறேன். 7 மீட்டரில் அநேகமாக எல்லாமே கறுப்பு வட்டத்துக்குள் விழுகின்றன. வீட்டில் மனைவி, 19 வயது மகன், 9 வயது மகள், என் தாயார் இருக்கிறார்கள். மகன் வேலை முடிந்து வர நள்ளிரவு தாண்டிவிடும். அடுத்த கட்டமாக, இடுப்பு உறையிலிருந்து வேகமாக உருவிச் சுடக் கற்றுத்தரும் வகுப்பில் சேரலாமா? இரவில் துப்பாக்கியைத் தலையணை அருகே வைத்துக்கொள்வது சரியா? வீட்டுக்குள், ஒரே வெடியில் பல குண்டுகளைச் சிதறடிக்கும் ஷாட்கன்தான் நல்லது, குறி பார்க்கவே வேண்டாம் என்கிறார் நண்பர். மனைவி துப்பாக்கியைத் தொடவே மறுக்கிறார். அவரையும் பழக்கியாக வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான் எல்லாவற்றையும்விட முக்கியமானது: மகன் வர நள்ளிரவு தாண்டிவிடும். இரவு ஒரு மணிக்குக் கூடத்தில் காலடிச் சத்தம் கேட்டால், அது அவனுடையதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இல்லையென்றால் தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் தாயார். திருடன் அந்த வரிசையில் கடைசி ஆள். எனவே, இருட்டில் நிற்பது யார் என்று கண்டுகொள்ளவும், யாரென்று தெரியாதவரை விசையில் விரல் வைக்காமல் இருக்கவும்தான் உங்களுக்கு முதலில் பயிற்சி வேண்டும். வேகமாக உருவும் வகுப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து வருபவரின் இடுப்பில் உறை இருக்காது.

தலையணை அருகே வேண்டாம். மெத்தைக்கு அடியிலும், கட்டில் பக்கத்து இழுப்பறையிலும் வேண்டாம். ஒன்பது வயதுக் குழந்தை இருக்கும் வீடு என்பது ஒரு காரணம். அப்பா எதை எங்கே ஒளித்து வைக்கிறார் என்று பிள்ளைகளுக்குத் தெரியாது என்பது பெரியவர்களின் நினைப்பு மட்டுமே. இன்னொரு காரணம் நீங்களேதான். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து திடீரென எழுந்தவரின் மூளை உடனே முழுதாக விழித்துக்கொள்வதில்லை. முடிவெடுக்கும் திறன் பல நிமிடங்கள், சிலருக்கு அரைமணி நேரம்கூட, மங்கலாகவே இருக்கும். கை மட்டும் அதற்கு முன்பே வேலை செய்யத் தொடங்கிவிடும். கை நீட்டினால் எட்டுகிற இடத்தில் துப்பாக்கி இருந்தால், கண் திறக்கும் முன்பே அது கையில் இருக்கும்.

கட்டிலிலிருந்து எழுந்து நான்கைந்து அடி நடந்தால்தான் எட்டும் இடத்தில், சுவரிலோ கனமான அலமாரிக்குள்ளோ போல்ட் போட்டு இறுக்கிய சிறிய இரும்புப் பெட்டி ஒன்று வையுங்கள். பேட்டரி இல்லாமல் இயங்கும் இயந்திரப் பொத்தான் பூட்டு இருந்தால் நல்லது. கைரேகைப் பூட்டு ஈரக் கையிலும், எண்ணெய் பட்ட விரலிலும், சமையலில் வெட்டுப்பட்ட விரலிலும் காலை வாரிவிடும். மின்னணுப் பூட்டுதான் கிடைக்கிறதென்றால் ஆண்டுக்கு ஒருமுறை, மறக்க முடியாத ஒரு தேதியில் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றுச் சாவியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத வேறொரு பூட்டுக்குள் வையுங்கள். பொத்தான் வரிசையை அழுத்தித் திறக்கிற அந்தச் சில விநாடிகளில் மூளை கொஞ்சமாவது விழித்துக்கொள்ளத் தொடங்குகிறது. அந்தத் தாமதம் உங்களுக்கு நல்லதுதான்.

பெட்டிக்குள் துப்பாக்கி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. ஐந்து பேர் வாழும் வீட்டில் மேகசின் (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) உள்ளே, சேம்பர் (சுடும்முன் தோட்டா அமரும் குழலின் பின்பகுதி) காலி என்பதே பொருத்தம் என்பேன். பூட்டிய கதவுக்குப் பின்னால் ஸ்லைடை, அதாவது பிஸ்டலின் நகரும் மேல்பகுதியை, ஒருமுறை இழுத்துவிட ஒரு விநாடி கிடைக்கும். ஆனால் எந்த நிலையோ, எப்போதும் அதே நிலையாக இருக்கட்டும். இன்று நிரப்பி, நாளை காலியாக வைத்தால் ஒருநாள் கணக்குத் தப்பும். துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும் என்று உங்கள் பகுதிச் சட்டம் சொன்னால், சட்டப்படியே செய்யுங்கள்.

இதோடு சேர்ந்த நுணுக்கம் ஒன்று பலருக்குத் தெரியாது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பச் சேம்பருக்குள் ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு முறையும் அதன் மூக்கு சேம்பருக்குள் ஏறும் சரிவான ஏற்றுத்தளத்தில் இடித்து, முனையிலுள்ள குண்டு கேஸுக்குள் (வெடிமருந்து இருக்கும் உலோகக் கூடு) கொஞ்சம் கொஞ்சமாக இறங்கலாம். உள்ளே இடம் குறைந்தால் வெடிக்கும்போது அழுத்தம் ஏறும். 9 மி.மீ. போன்ற சிறிய கேஸில் இது ஆபத்து. ரேஞ்சுக்குப் போகும்போதெல்லாம் இறக்கிய தோட்டாவைப் புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில், மேசைமேல் நிற்க வைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தால் அதைச் சுடாதீர்கள், ரேஞ்ச் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, பெட்டி எவ்வளவு உறுதியானது என்ற கேள்விக்கே இடமில்லை. நெருக்கடி தீரும்வரை துப்பாக்கி வீட்டை விட்டு வெளியே, சட்டம் அனுமதிக்கும் பாதுகாப்பகத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது வீட்டுத் திட்டம். ஒரு தாளில் வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள். யார் எங்கே படுக்கிறார்கள், தலை எந்தப் பக்கம் என்பதுவரை குறியுங்கள். பிறகு உங்கள் படுக்கையறை வாசலில் நிற்பதாக எண்ணி, கூடத்துக்கும் மாடிப்படிக்கும் முன்கதவுக்கும் அடிக்கோல் வைத்துக் கோடு இழுங்கள். சுவரில் நிறுத்தாமல் தாளின் ஓரம்வரை இழுக்க வேண்டும். எந்தக் கோடு மகளின் கட்டிலைக் கடக்கிறதோ, தாயாரின் அறையைக் கடக்கிறதோ, பக்கத்து வீட்டு ஜன்னலைத் தொடுகிறதோ, அந்தத் திசை உங்களுக்குக் கிடையாது. பலருக்கு இந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தன் வீட்டுக்குள் சுடக்கூடிய திசை ஒன்றோ இரண்டோதான் என்று புரிகிறது. அப்படியே வீட்டுக்குள் வரும் மிக நீளமான கோட்டின் தூரத்தை நாடாவால் அளந்துகொள்ளுங்கள். சாதாரண வீட்டில் அது 10 மீட்டருக்குள்தான் இருக்கும். ரேஞ்சில் எந்தத் தூரத்தில் பழகுவது என்பதற்கு அதுவே அளவு.

சத்தம் கேட்டதும் துப்பாக்கியோடு அறை அறையாகத் தேடப் போவதுதான் செய்யக்கூடாத முதல் காரியம். நகர்கிறவருக்குக் காலடிச் சத்தம் உண்டு, நிழல் உண்டு, ஒவ்வொரு கதவோரத்திலும் முதலில் வெளியே தெரிவது அவர் உடம்புதான். ஒளிந்து காத்திருப்பவருக்கு இதில் எதுவும் இல்லை. பழகிய காவலர்களே இதைத் தனியாகச் செய்ய விரும்புவதில்லை. நீங்கள் நகர வேண்டிய ஒரே காரணம், மகளையும் தாயாரையும் உங்கள் அறைக்குக் கூட்டிவருவது. குறுகிய வழியில் போய், அதே வழியில் திரும்புங்கள். பிறகு கதவைத் தாழிட்டு, எல்லோரும் கட்டிலுக்கு அப்பால், கதவுக்கு நேர்கோட்டில் இல்லாத மூலையில், தாழ உட்கார வேண்டும். கதவை உடைத்துக்கொண்டு ஒருவர் வந்தால், இந்த நேரத்தில் உடைத்து வருகிறவர் யார் என்ற கேள்விக்கு அவரே பாதி பதில் சொல்லிவிட்டார்.

போன் உங்கள் மனைவியின் வேலை. முதலில் முகவரி. இணைப்பு அறுந்தாலும் உதவி வந்து சேர அது ஒன்று போதும். அடுத்து, யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள், நாங்கள் இத்தனை பேர் இந்த அறையில் இருக்கிறோம். மூன்றாவதாக, கணவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்கிறது, அவர் வெள்ளைச் சட்டையில் அறைக்குள்ளேயே இருக்கிறார். வரும் காவலர்களுக்கு நீங்களும் துப்பாக்கி வைத்திருக்கும் முன்பின் தெரியாத ஓர் ஆள்தான், அதனால் இந்த மூன்றாவது தகவலை விட்டுவிடக் கூடாது. போனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு, வரச் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்கட்டும்.

நீங்கள் கதவுக்குப் பின்னாலிருந்து உரக்கக் கேளுங்கள்: “யார் அது? பேரைச் சொல்!” பதில் இல்லையென்றால் இன்னொரு முறை. அதன்பிறகு, “போலீஸுக்குச் சொல்லியாச்சு. என் கையில் துப்பாக்கி இருக்கு. வெளியே போ.” திருட வந்தவரைப் போகவைப்பது மட்டுமல்ல, உங்கள் மகனைப் பேசவைப்பதும் இந்தக் குரல்தான். மகனுக்கும் ஒழுங்கு ஒன்று வேண்டும். தெருமுனையில் வரும்போதே உங்கள் போனுக்கு ஒரு செய்தி, உள்ளே நுழைந்ததும் முன்விளக்கு, பூனை நடை கிடையாது. வீட்டார் மட்டும் அறிந்த ஒரு சொல்லையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் பேச்சுக்கே இடமில்லை, துப்பாக்கி பெட்டிக்குள் போகும். மகன் நண்பனைக் கூட்டி வருகிற நாளில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இந்த முழு ஒத்திகையையும் ஆண்டுக்கு இரண்டு முறை, ஒருமுறை பகலிலும் ஒருமுறை விளக்கணைத்தும், குடும்பத்தோடு வெறுங்கையாகச் செய்து பாருங்கள். ஒத்திகையில் துப்பாக்கிக்கு இடமே கிடையாது. தாயாருக்கு மூட்டுவலி இருந்தால் அவரைக் கூட்டிவர எத்தனை விநாடி ஆகிறது என்பது அப்போதுதான் தெரியும். அது நிறைய என்றால், அவர் அறையையே எல்லோரும் கூடும் அறையாக மாற்றிக்கொள்வது நல்லது. பெட்டியும் அங்கே போகட்டும்.

வெளிச்சம் இல்லாமல் அடையாளம் இல்லை. 300 முதல் 500 லூமென் (ஒளியின் அளவு) வரையுள்ள, பின்முனைப் பொத்தானை அழுத்தும்வரை மட்டும் எரிகிற கைடார்ச் ஒன்றைத் துப்பாக்கியோடு அதே பெட்டிக்குள் வையுங்கள். துப்பாக்கியில் மாட்டும் விளக்கு நல்ல கருவிதான், ஆனால் அது மட்டும் போதாது. அதை வைத்து எதைப் பார்க்க வேண்டுமானாலும் குழல் முனையை அதன்மேல் திருப்பியாக வேண்டும். பார்த்தது தாயாரின் முகம் என்றால், அவர் முகத்துக்கு நேராகத் துப்பாக்கி நீட்டிய பிறகுதான் அது உங்களுக்குத் தெரியவரும். நான்கு பாதுகாப்பு விதிகளை இப்போதிருக்கும் வடிவில் தொகுத்தவர் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர். எந்தத் துப்பாக்கியும் நிரம்பியது என்றே நடத்து, அழிக்க மனமில்லாத எதன்மேலும் முனையைத் திருப்பாதே, சைட் (குறிபார்க்கும் முனை) இலக்கில் பதியும்வரை விரல் விசைக்கு வெளியே, இலக்கையும் அதன் பின்னால் இருப்பதையும் அறிந்துகொள். வீட்டுக்குள் முதலில் உடைபடுவது இரண்டாவது விதி, அதற்குக் காரணம் இந்த விளக்கு.

கைடார்ச்சை எதிராளியின் முகத்தில் அடிக்க வேண்டும் என்றும் இல்லை. வெளிர்நிறக் கூரையில் அடித்தால் அறை முழுவதும் ஒளி பரவி, ஆள் தெரிவார். துப்பாக்கி தரையை நோக்கியபடியே இருக்கலாம். முதலில் கைகளைப் பாருங்கள், பிறகு முகம். கையில் போனா, சாவிக்கொத்தா, வேறெதுவுமா? ஒரு கையால் டார்ச்சைக் கழுத்தோரம் பிடித்துக்கொண்டால் பார்க்கிற திசையில் ஒளி போகும், மறுகை துப்பாக்கிக்கு. ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு கை எதையாவது திடீரென இறுக்கும்போது மற்றக் கையும் தன்னையறியாமல் இறுகும். டார்ச் பொத்தானை அழுத்தும்போதோ, கதவுப்பிடியை இழுக்கும்போதோ, மகளின் கையைப் பற்றும்போதோ, மறுகையின் விரல் விசையில் இருந்தால் துப்பாக்கி வெடிக்கலாம். தடுக்கி விழுந்தாலும் திடுக்கிட்டாலும் இதேதான். சுட்டுவிரல் நீட்டிய நிலையில், விசைக்காப்புக்கு மேலே, துப்பாக்கிச் சட்டகத்தின் பக்கவாட்டில் ஒட்டியிருக்க வேண்டும் என்பதை இவ்வளவு வற்புறுத்துவது இதனால்தான்.

இனி கைப்பயிற்சி. வாரத்தில் நான்கு நாள், பத்து நிமிடம், தோட்டா இல்லாமல். மாதம் 50 ரவுண்டு சுடுவதைவிட இது அதிகம் தரும். மேகசினை எடுங்கள், ஸ்லைடை இழுத்துப் பூட்டுங்கள், சேம்பரைக் கண்ணால் பாருங்கள், சுண்டு விரல் நுனியை விட்டுத் தடவியும் பாருங்கள். அந்த வீட்டிலுள்ள எல்லாத் தோட்டாவும் வேறொரு அறையில், கதவு சாத்தியபடி இருக்க வேண்டும். இலக்குத் தாளை, தப்பித்தவறி வெடித்தாலும் குண்டைத் தாங்கக்கூடிய கற்சுவரில் ஒட்டுங்கள், அதற்கு அப்பால் ஆள் இருக்கக் கூடாது. முன் சைட்டின்மேல் காலி கேஸ் ஒன்றை நிறுத்தி வைத்து விசையை அழுத்துங்கள். ‘க்ளிக்’ என்று விழும்போது கேஸ் நகராமல் நின்றால் அழுத்தம் சரி. அது உருண்டு விழுந்தால், விரல் மட்டும் நகராமல் உள்ளங்கை முழுவதும் சேர்ந்து நெரிக்கிறது என்று பொருள். பத்துமுறை இரண்டு கையால், ஐந்துமுறை வலக்கையால், ஐந்துமுறை இடக்கையால். பிறகு டார்ச்சோடு. கடைசியாக, விளக்கணைத்துப் பெட்டியைத் திறக்கப் பழகுங்கள். உங்கள் 9 மி.மீ. போன்ற நவீன பிஸ்டலுக்கு வெறும் ‘க்ளிக்’ கெடுதல் செய்யாது, இருந்தாலும் டம்மி ரவுண்டு (வெடிமருந்து இல்லாத போலித் தோட்டா) போட்டுக்கொள்வது நல்லது. .22 ரிம்ஃபயர் (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும்) வகையில் பல கெட்டுப்போகும், அவற்றில் டம்மி இல்லாமல் கூடாது.

இந்தப் பயிற்சியில் விபத்து வருவது தொடக்கத்தில் அல்ல, முடிவில். எல்லாம் முடிந்து, மேகசினை ஏற்றிப் பெட்டிக்குள் வைக்கப் போகும்போது, சுவரில் இலக்குத் தாள் கண்ணில் படும். “இன்னும் ஒரே ஒரு தடவை” என்று கை தானாக உயரும். ஆகவே முடிந்ததும் முதலில் தாளைக் கிழித்து எடுங்கள். “முடிந்தது” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அறையை விட்டு வெளியே போய் அரைமணி நேரம் வேறு வேலை பாருங்கள். அதன்பிறகுதான் தோட்டாவைத் தொடலாம். பார்க்கச் சடங்கு போலத்தான் இருக்கும், விடாமல் செய்யுங்கள்.

ரேஞ்சில் அந்த 50 ரவுண்டைப் பிரித்துச் செலவிடுங்கள். 7 மீட்டரில் நிதானமாக வட்டத்துக்குள் அடிப்பது உங்களுக்கு வந்துவிட்டது, அதையே திரும்பச் செய்வதால் பயனில்லை. முதல் 15 ரவுண்டு: பக்கத்தில் இருப்பவரிடம் மேகசினைக் கொடுத்து, நடுநடுவே இரண்டு மூன்று டம்மி ரவுண்டுகளைக் கலந்து நிரப்பித் தரச் சொல்லுங்கள். டம்மி வரும் இடத்தில் சத்தம் வராது, ஆனால் முனை ‘டக்’கென்று கீழே குத்துவது உங்கள் கண்ணுக்கே தெரியும். வெடிக்கப் போகிறது என்று உடம்பு முந்திக்கொள்வதுதான் அது. வலக்கைக்காரருக்குக் குண்டுகள் இடப்பக்கம் கீழே விழக் காரணமும் பெரும்பாலும் இதுவே. சைட்டைத் திருகி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு, வீண் வேலை. அடுத்த 15 ரவுண்டு ஐந்து-ஐந்துப் பயிற்சி: சுமார் 5 மீட்டர் தூரம், 13 சென்டிமீட்டர் வட்டம், ஐந்து விநாடிக்குள் ஐந்து குண்டு. துப்பாக்கி தரையை நோக்கித் தாழ்ந்திருக்கும் நிலையிலிருந்து தொடங்குங்கள். ஐந்தும் உள்ளே இல்லையென்றால் வேகத்தைக் குறையுங்கள், வட்டத்தைப் பெரிதாக்காதீர்கள். பத்து ரவுண்டு ஒரு கையால், இரண்டு கைக்கும் ஐந்தைந்து. வீட்டில் உங்கள் மற்றொரு கை காலியாக இருக்காது.

மிச்சமுள்ள பத்தைச் சுடாமல் இருக்கப் பழகச் செலவிடுங்கள். நான்கு தாள்களில் வெவ்வேறு எண்ணும் நிறமும் எழுதி ஒட்டி, நண்பரை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்க வைத்து அழைக்கச் சொல்லுங்கள். “பச்சை” என்றால் சுட வேண்டும், “நீலம்” என்றால் துப்பாக்கியை உயர்த்திவிட்டு விரல் வைக்காமல் இறக்க வேண்டும். பாதிக்குப் பாதி இறக்கும் அழைப்பாக இருக்கட்டும். ஆள் படம் போட்ட தாள் கிடைத்தால், ஒன்றில் கையில் ஆயுதம், மற்றொன்றில் போன் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒழுங்காக இறக்கியதையும் நல்ல குறியாகவே கணக்கில் எழுதுங்கள். உயர்த்தியதெல்லாம் வெடித்தே தீர வேண்டும் என்று மாதாமாதம் கையைப் பழக்கியவருக்கு, நிறுத்த வேண்டிய கணத்தில் கை கேட்காது.

பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘க்ளிக்’ மட்டும் வந்து வெடிக்கவில்லை என்றால் மேகசினின் அடியை உள்ளங்கையால் தட்டி, ஸ்லைடை முழுவதும் இழுத்து விட்டு, மறுபடி நிலைமையைப் பாருங்கள். பல நேரம் மேகசின் சரியாக அமராததே காரணம். காலி கேஸ் ஸ்லைடில் புகைபோக்கி போல நின்றால் பிடி தளர்ந்திருக்கிறது, அல்லது உராய்வெண்ணெய் காய்ந்திருக்கிறது. தீர்வு அதேதான். இரண்டு தோட்டா ஒரே நேரத்தில் நெருக்கினால் தட்டி இழுப்பது பலிக்காது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினைப் பிடுங்கி எடுத்து, மூன்றுமுறை ஸ்லைடை இழுத்துக் காலியாக்கி, மேகசினை மீண்டும் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் டம்மி ரவுண்டு வைத்து வீட்டிலேயே பழகலாம். ரேஞ்சில் ‘க்ளிக்’ வந்தால் மட்டும் முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 விநாடி பொறுங்கள், தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. வழக்கமான ஓசைக்குப் பதில் ‘பொத்’ என்று அமுங்கிய சத்தமும் மெல்லிய உதையும் வந்தால் உடனே நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். தட்டி இழுத்து அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கக்கூடும்.

நண்பரின் ஷாட்கன் யோசனைக்கு வருவோம். 12 கேஜ் என்ற குழல் அளவுள்ள ஷாட்கனின் 00 பக்ஷாட் (பெரிய குண்டு வகை) தோட்டாவில் சுமார் 8.4 மி.மீ. விட்டமுள்ள எட்டு அல்லது ஒன்பது ஈயக் குண்டுகள் இருக்கும். அவை பரவும் அளவு, தோராயமாக மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. வீட்டுக்குள் 5 மீட்டரில் மொத்தமும் ஒரு கையகலத்துக்குள் போய் விழும். குறி பார்க்காமல் சுட்டால் தவறுகிறது, தவறினால் ஒன்றல்ல, ஒன்பது குண்டுகள் சுவருக்கு அப்பால் எங்கே போகின்றன என்று கவலைப்பட வேண்டும். ஷாட்கனில் தோட்டா ஏற்றப் பம்ப் இழுக்கும் சத்தத்துக்கே ஓடிவிடுவார்கள் என்பதை நம்பி யாரும் திட்டம் போடக் கூடாது. நீளத் துப்பாக்கிக்கு இரண்டு கையும் வேண்டும், கதவு, டார்ச், மகள் எல்லாவற்றுக்கும் கை ஏது? அடக்கத் தெரிந்தவரிடம் அது வல்லமையான ஆயுதம்தான். மாதம் 50 ரவுண்டு சுடும் ஒருவர் இரண்டு ஆயுதங்களில் அரைகுறையாக இருப்பதைவிட ஒன்றில் தேறுவதே மேல்.

சுவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜிப்சம் பலகையில் எழுப்பிய உள்சுவரும் மரக்கதவும் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டையும் நிறுத்தாது, ஒன்றுக்கு மேற்பட்ட சுவரையும் கடக்கும். செங்கல், கான்கிரீட் என்றால் துளைத்துப் போகாவிட்டாலும் தெறித்துத் திரும்பலாம். பயிற்சிக்கு நீங்கள் சுடும் முழு உறையிட்ட குண்டு உடம்பைத் துளைத்தும் போய்விடும். மூக்கில் குழிவுள்ள, விரிகிற குண்டு வீட்டுக்குப் பொருத்தமானது, உங்கள் பகுதியில் அதற்கு அனுமதி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1986-ல் அமெரிக்காவின் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ (அந்நாட்டின் மத்தியப் புலனாய்வு அமைப்பு) வகுத்த அளவுகோல்படி, உடல் தசைக்குப் பதிலாக வைக்கும் சோதனை ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம், அதாவது சுமார் 30 முதல் 45 சென்டிமீட்டர் ஆழம் போய் நிற்கும் குண்டே ஏற்றது. இந்த அளவைத் தொடுகிற எந்தக் குண்டும் பலகைச் சுவரையும் துளைக்கும். ஆகவே சுவரைத் துளைக்காத தோட்டா என்று தேடாதீர்கள், வரைபடத்துக் கோடுகளை நம்புங்கள். எந்த வகையைத் தேர்ந்தாலும் உங்கள் பிஸ்டலில், உங்கள் மேகசின்களில், குறைந்தது 100 ரவுண்டு சிக்கலின்றிச் சுட்டுப் பார்த்த பிறகே பெட்டிக்குள் வையுங்கள்.

மூடிய அறைக்குள் 9 மி.மீ. வெடியோசை சுமார் 160 டெசிபல். 140-ஐத் தாண்டிய ஒற்றை ஓசையே காதைக் கெடுக்கப் போதும். பேச்சைக் கேட்கவிட்டு வெடியோசையை மட்டும் அடக்கும் மின்னணுக் காதுக்கவசம் ஒன்றைப் பெட்டியருகே தொங்கவிடுங்கள், அவகாசம் இருந்தால் போட்டுக்கொள்ளலாம். கூடத்துச் சத்தத்தைக் கேட்கவும் அது உதவும்.

சட்டத்தைப் பொறுத்தவரை உங்கள் பகுதி வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் கேட்டுத் தெளியுங்கள். பொதுவாக உயிருக்கு உடனடி ஆபத்து என்றால்தான் தற்காப்பு என்று பேச இடமுண்டு, விவரம் இடத்துக்கு இடம் மாறும். பொருளை எடுத்துக்கொண்டு ஓடுபவரின் முதுகில் சுடுவதைப் பெரும்பாலும் எந்தச் சட்டமும் தற்காப்பு என்று ஏற்பதில்லை. சில இடங்களில் விலகிப் போக வழி இருந்தால் விலகியாக வேண்டும். ஒருவேளை சுட நேர்ந்தால், காவலர்கள் உள்ளே வரும்போது ஆயுதம் உங்கள் கையில் இருக்கக் கூடாது. கைகள் விரிந்து தெரிய வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும். ரத்தம் பெருகுவதை நிறுத்த டூர்னிக்கெட் (கை, காலை இறுக்கிக் கட்டும் பட்டை) போடவும் காயத்தில் துணி திணித்து அழுத்தவும் கற்றுக்கொள்ளுங்கள். அந்த அறிவு வீட்டில் துப்பாக்கியைவிட அதிகம் பயன்படும்.

மனைவியை வற்புறுத்த வேண்டாம். விருப்பமில்லாதவர் கையில் துப்பாக்கி யாருக்கும் பாதுகாப்பு அல்ல, போன் வேலையும் முதலுதவியும் அவர் பொறுப்பென்றால் பாதிக்கு மேல் அவரே பார்த்துக்கொள்கிறார். மகன் விரும்பினால் உரிய வகுப்புக்குப் போகட்டும். மகளுக்குச் சொல்ல வேண்டியது மூன்றுதான்: தொடாதே, அந்த இடத்தை விட்டுப் போ, பெரியவர்களிடம் சொல். நண்பர்கள் வீட்டிலும் இதே விதி என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த வகுப்பு எது என்று கேட்டீர்கள். வீட்டுச் சூழல் ஒத்திகை வகுப்பைத் தேடுங்கள்: கதவு, நடை, மங்கிய விளக்கு வைத்த அறைகளில், சாயக் குண்டு அல்லது ஏர்சாஃப்ட் (பிளாஸ்டிக் மணி சுடும்) துப்பாக்கியோடு, எதிரே உண்மையான மனிதர்கள் நடிக்கிற வகுப்பு. சேரும்முன் சிலவற்றைக் கேளுங்கள். அத்தனை ஒத்திகைகளிலும் சுட வேண்டிய ஆள்தான் வருகிறாரா, அல்லது குடிபோதையில் கதவு மாறி வந்த பக்கத்து வீட்டுக்காரரும், தாமதமாக வந்த பிள்ளையும் வருகிறார்களா? நிஜத் தோட்டா சுடும் பகுதியில் ஒரு பயிற்சியாளருக்கு நான்கைந்து பேருக்கு மேல் இருக்கிறார்களா? முதலுதவிப் பெட்டி எங்கே, காயம்பட்டால் யார் வண்டி ஓட்டுவார்? இவற்றைவிட முக்கியமாக, ஒத்திகை அறைக்குள் நுழையும் ஒவ்வொருவரையும், பயிற்சியாளர் உட்பட, நிஜத் துப்பாக்கியோ தோட்டாவோ கத்தியோ இருக்கிறதா என்று இன்னொருவர் உடம்பைத் தடவிச் சோதிக்கிறாரா என்று கவனியுங்கள். சாப்பாட்டு இடைவேளைக்குப் போய்த் திரும்பியவர்களையும் மறுபடி சோதிக்க வேண்டும். “தெரிஞ்சவங்கதானே” என்று விட்டுவிடும் இடமாக இருந்தால், கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.